மாவு நோட்டும் படிக்கட்டடி டிரம்மும்

இட்லி மாவு விற்கிறவளுக்கு வானிலை அறிக்கை எதற்கு? ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் எத்தனை மணிக்குப் பொங்கி நிற்கிறது என்று பார்த்தாலே ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை எங்களுடையது. கடை போட்ட முதல் டிசம்பரிலேயே சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு வாடிக்கையாளர், "என்னக்கா, மாவு கல்லு மாதிரி இருக்கு, புளிக்கவே இல்லையே" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, அரைத்த நேரம், பொங்கிய நேரம், அவ்வளவுதான். டிசம்பரில் 14 மணி நேரம் என்று இருக்கும். மே மாதம் எட்டு.

2024 ஏப்ரலில் அந்த நோட்டில் 'ஐந்தரை' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி. எனக்கே நம்பிக்கை இல்லை போல. அந்த மாதக் கடைசியில் ஊரில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. மாம்பழ மழை என்று இங்கே சொல்வார்களே, ஏப்ரலில் சாயங்காலம் சடசடவென்று வந்து போகும் மழை, அதுவும் அந்த ஏப்ரலில் ஒரு சொட்டு இல்லை. "பெங்களூர்ல ஃபேனே வேணாம்" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பெருமை பேசிய நாங்கள் ரெண்டு டேபிள் ஃபேன் வாங்கினோம்.

வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாததுதான் கொடுமை. மார்ச்சிலேயே எங்கள் போர்வெல் காற்றை மட்டும் கக்கியது. அரிசி களைய, உளுந்து ஊற, கிரைண்டர் கழுவ என்று மாவுக்கடைக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய்தான் வாங்க வேண்டும் என்று அரசாங்கம் விலை வைத்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவுக்குள் யாரும் வண்டியைத் திருப்பவில்லை. கிடைத்த அன்றைக்குக் கேட்டதைக் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் 200 லிட்டர் நீல டிரம் நாலு வாங்கி, வெயில் படாமல் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக வைத்தோம்.

பின்னால் எங்கள் வீட்டுக்கு டெங்கு வந்த கதைக்காக, இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாலு டிரம்மும் மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை ஒரு நாள்கூட அடிவரைக்கும் காலியாகவில்லை. மேலிருந்து மொண்டு எடுப்போம். கால் டிரம் இருக்கும்போதே அடுத்த டேங்கர் வந்துவிடும், அதன்மேலேயே ஊற்றிக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை யார் கீழே கொட்டுவார்கள்? மூடிகூட ஒன்றுக்குத்தான் சரியாக உட்காரும். மற்ற மூன்றுக்கும் பழைய பலகை, அதன்மேல் பித்தளைத் தாம்பாளம்.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, வானம் பொத்துக்கொண்டது. ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். பெங்களூரில் ஜூன் மாத மழைக் கணக்கில் நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்த சாதனை அன்றைக்கு உடைந்தது என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தான். தெருவே கொண்டாடியது. நான் மொட்டை மாடிக் குழாய்க்கு ஒரு ஹோஸ் மாட்டி, மழைத் தண்ணீரை நேரே டிரம்மில் விட்டேன். நாலும் கழுத்து வரை நிரம்பி வழிந்தன. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மகளுக்குக் காய்ச்சல். பி.யு. ரெண்டாம் வருஷம், அதாவது நம் பிளஸ் டூ, படிக்கிறாள். காலேஜிலிருந்து மத்தியானமே வந்து படுத்துவிட்டாள். 103. சளி இல்லை, இருமல் இல்லை. "கண்ணுக்குப் பின்னாடி யாரோ அமுக்குற மாதிரி இருக்கும்மா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டவுடனே டெங்கு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். வைரல் ஃபீவர், மூணு நாளில் போய்விடும் என்று சொல்லி, உடம்பு வலிக்கு ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். அது டைக்ளோஃபினாக் என்று பிறகு சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டெங்கு இருக்குமோ என்று சந்தேகம் வருகிற காலத்தில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான். இனி எந்த ஊசியாக இருந்தாலும் "இது என்ன மருந்து சார்" என்று கேட்காமல் கை நீட்டுவதில்லை.

மூன்றாம் நாள் நாங்களாகவே லேபுக்குப் போய், ரத்தத்தில் டெங்குக் கிருமியின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் என்.எஸ்.1 டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ். அந்தச் சமயத்தில்தான் கர்நாடக அரசு டெங்கு டெஸ்டுக்கு விலை கட்டியிருந்தது, எலிசா என்ற லேப் முறையில் எடுத்தால் 300 ரூபாய். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என்.எஸ்.1 முதல் நாலைந்து நாளுக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பிடிபடும். கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். அதற்குப் பிறகுதான் ஏறும். ஆறாம் நாள் போய் என்.எஸ்.1 எடுத்துவிட்டு 'நெகட்டிவ், டெங்கு இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தவர்களை அந்த மாதம் நானே பார்த்தேன்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, காய்ச்சல் சுத்தமாக விட்டது. 98.4. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அவள் ரெண்டு இட்லி சாப்பிட்டாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூன்று முறை வாந்தி. கையைத் தொட்டால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவுப் பாக்கெட் மாதிரி சில்லென்று இருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

டியூட்டியில் இருந்த டாக்டர் சேலத்துப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். "காய்ச்சல் விட்டதும்தாம்மா டெங்குல ஆபத்தான நேரமே ஆரம்பிக்குது" என்றாள். காய்ச்சல் இறங்குகிற அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டியாகும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கை கால் சில்லிடுவது, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, ஆள் சோர்ந்து போவது, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

எங்கள் வீட்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் பிளேட்லெட், பிளேட்லெட் என்று அடித்துக்கொண்டார்கள். 42,000-க்கு இறங்கியதும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் ரத்தம் கொடுக்க நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். "ரத்தக் கசிவு இல்லாம இந்த எண்ணுக்கெல்லாம் பிளேட்லெட் ஏத்த மாட்டோம் பெரியப்பா. நான் பாக்குறது பிசிவி, ரத்தம் எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு காட்டுற எண். 38 இருந்தது 46 ஆயிருக்கு. அப்புறம் அவ எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்னு பாருங்க, எழுதி வைங்க." எழுதி வைக்கிறது எனக்குப் பழக்கமான வேலை. மாவு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ரெண்டு நாள் எழுதினேன்.

பப்பாளி இலைச் சாறு கொடுத்தோமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொடுத்தோம், என் மாமியார் பிடிவாதம். அவள் அதையும் வாந்தி எடுத்தாள். நிலவேம்புக் குடிநீரும் ஊரிலிருந்து வந்தது, அது அலமாரியில் இருக்கிறது. வாந்தி வருகிற பிள்ளைக்குக் கசப்பைப் புகட்டுகிற நேரத்தில் ஓ.ஆர்.எஸ்., இளநீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் என்று வாய்க்கு வாய் கொடுத்திருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் அவ்வளவு மோசமாகப் போயிருக்காது என்பது என் எண்ணம்.

செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பு முழுக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள், ஒரே அரிப்பு. அது குணமாவதன் அடையாளம் என்றார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றே, சுகாதாரத் துறைக்காக வீடு வீடாக வரும் ஆஷா ஊழியர் ஒருத்தி கையில் டார்ச்சோடு வாசலில் நின்றாள். பாசிட்டிவ் வந்த வீடுகளின் பட்டியல் அவளிடம் இருந்தது. நேரே படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பலகையை நகர்த்தி டார்ச்சை அடித்தாள். "ஹுளா இதே நோடி அக்கா." புழு இருக்கிறது, பாருங்கள்.

பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் நூல் துண்டு நூல் துண்டாக நெளிந்துகொண்டு அடிக்குப் போயின. கூடவே கமா போட்டது மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்கள், ரெண்டு நாளில் கொசுவாகப் பறக்கப் போகிறவை. நான் உடனே டிரம்மைச் சாய்க்கப் போனேன். அவள் தடுத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே உட்சுவரைத் தொட்டுக் காட்டினாள். கறுப்புப் புள்ளிகள். எள்ளை நாலாக உடைத்து ஒட்டிவைத்தது போல. அழுக்கு என்றுதான் நான் நினைத்திருப்பேன். அதுதான் முட்டை.

டெங்குக் கொசு தண்ணீரில் முட்டை இடுவதில்லை, தண்ணீருக்கு மேலே ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. தண்ணீர் வற்றினாலும் அது சாகாது, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் பொரிக்கும். அப்படியானால் மார்ச்சிலிருந்து மே வரை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு மொண்டு இறக்கிய டிரம்மின் சுவர் முழுக்க முட்டை ஒட்ட இடம். ஜூன் 2 அன்று நான் ஹோஸ் போட்டுக் கழுத்துவரை நிரப்பியது எதற்கு என்று இப்போது விளங்குகிறது.

ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரம் அந்த டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்த ஆளுக்கு நோயைக் கொடுத்துவிடாது. கிருமி அதன் வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பி வரைக்கும் பெருகி வர நாளாகும். எத்தனை நாள் என்பது வெக்கையைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு வாரம் போதும், 25-ல் கிட்டத்தட்ட ரெண்டு வாரம், 20-ல் மூன்று வாரத்துக்கும் மேல். "மாவு புளிக்கிற மாதிரி" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஆனா கொசு அவ்வளவு நாள் உயிரோட இருக்கணுமே" என்றாள். பெண் கொசு வாழ்வதே ரெண்டு வாரத்திலிருந்து நாலு வாரம். குளிரில் மாவு புளிப்பதற்குள் பாத்திரமே உடைந்துவிடுகிறது. வெக்கையில் அது முந்திக்கொள்கிறது.

முட்டையிலிருந்து கொசுவாக வளர்வதும் அப்படித்தான், வெக்கையில் ஒரு வாரம் பத்து நாள், குளிரில் ரெண்டு மூன்று வாரம். குடித்த ரத்தம் வெக்கையில் சீக்கிரம் செரிப்பதால் அடிக்கடி கடிக்கவும் செய்கிறது. ரெண்டு மூன்று டிகிரி ஏறினால் இந்த எல்லா வேகமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். மாவு விற்கிறவளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேனுக்குக் கீழே வைத்த பாத்திரத்துக்கும் அடுப்புப் பக்கம் வைத்த பாத்திரத்துக்கும் ராத்திரி முழுக்க வித்தியாசம் தெரியும்.

வெயில் ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டெங்கு பரவுவதற்குத் தோதான சூடு 29 டிகிரியை ஒட்டி. 35-ஐத் தாண்டினால் கொசுவே தாங்காமல் சீக்கிரம் சாகிறது. மலேரியாவுக்கு இன்னும் குறைவு, 25 போதும். டெல்லியில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் மே, ஜூன் 45 டிகிரியில் டெங்குப் பேச்சே இருக்காது. மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில்தான் பயப்படுவாள், டிசம்பர் குளிர் வந்ததும் மறந்துவிடுவாள். எங்களுக்கு அந்த 45-ம் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. மனுஷனுக்கு இதமான ஊர் கொசுவுக்கும் இதமான ஊர்தான்.

அப்படியானால் ஏப்ரல் 38 டிகிரியில் எங்கள் வீட்டுக் கொசு ஏன் சாகவில்லை? படிக்கட்டடியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். வெளியே தார் உருகும்போதும் அங்கே ஈரமும் இருட்டும், மாவு வைக்கலாம் போல இருக்கும். வானிலை ஆபீஸ் வெப்பமானி எங்கேயோ இருக்கிறது. கொசு இருப்பது நம் கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், தொங்கவிட்ட சட்டையில்.

இந்த ஊரும் டிரம் தண்ணீரும் பழைய கதை. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தாரே ரொனால்ட் ராஸ், அவர் அதற்கு 14 வருஷம் முன்னால், 1883-ல், பெங்களூரில் ராணுவ டாக்டராக இருந்தார். தன் பங்களா ஜன்னலோரம் இருந்த தொட்டித் தண்ணீரில் புழுவைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டார், வீட்டில் கொசு குறைந்தது. சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படியே செய்யலாமே என்று ராணுவ அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார், அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் யாராவது வந்து ஏப்ரலில் டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லியிருந்தால் நானும் அந்த அதிகாரியாகத்தான் இருந்திருப்பேன்.

ஆஷா ஊழியர் போன பிறகு நாலு டிரம்மையும் காலிசெய்து, கிரைண்டர் கழுவும் பிரஷ்ஷை வைத்து உட்சுவரைத் தேய்த்தேன். வெறும் தண்ணீரை மாற்றுவதில் பயனில்லை, தேய்க்க வேண்டும். பிறகு வேட்டித் துணியை ரெட்டையாக மடித்து, எலாஸ்டிக் கோத்து, டிரம் வாயில் மாட்டினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், காலில் சுரீரென்றது. கால்களில் வெள்ளைப் பட்டை போட்ட அதே டெங்குக் கொசு. எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால், அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து அழகுக்கு வாசலில் போட்ட ஆட்டுக்கல். குழவியை எடுத்த குழியில் ரெண்டு டம்ளர் மழைத் தண்ணீர், அதில் இருபது முப்பது புழு. மாவுக்கடை ஆட்டுக்கல்லிலேயே கொசு வளர்கிறது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது! குழியில் மணலைக் கொட்டி ஒரு துளசி நட்டேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டைப் பார்க்கத் தோன்றியது அதற்கும் பிறகுதான்.

இந்தக் கொசு ராத்திரி கடிப்பதைவிடப் பகலில்தான் அதிகம் கடிக்கும், விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும் சாயங்காலம் இருட்டும் முன்பும். என் கடையில் கூட்டம் இருக்கும் நேரமும் அதேதான். ராத்திரி படுக்கும்போது மட்டும் சுருள் கொளுத்தியவர்கள் நாங்கள். கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வரவில்லை என்று தெருவில் சண்டை போட்டார்கள். வந்தது, தெருவில் புகையை விட்டுப் போனது. அந்த நேரம் வெளியே பறந்த கொசு செத்திருக்கும், உள்ளே சட்டையில் இருந்தது இருந்தபடி இருந்தது.

சொல்லக் கஷ்டமாக இருப்பது இதுதான். காய்ச்சல் ஆரம்பித்த முதல் ஐந்து நாள் மகளின் ரத்தத்தில் கிருமி இருந்தது. கதவு திறந்த வீட்டில், கொசுவலை இல்லாமல், ஜன்னலோரம் படுக்க வைத்திருந்தோம், காற்று வரட்டும் என்று. ஜூலை 30-ம் தேதி கீழ் வீட்டு அக்காவின் பையனுக்குக் காய்ச்சல். என்.எஸ்.1 பாசிட்டிவ். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஜூலையில் இங்கே பகல் 28, ராத்திரி 20, சராசரி 24 வைத்துக்கொண்டால் கொசுவுக்குள் ரெண்டு வாரம். ஆளுக்குள் நாலிலிருந்து பத்து நாள். ஜூலை 10-ம் தேதி மகளைக் கடித்த கொசு 24-ம் தேதி வாக்கில் அந்தப் பையனைக் கடித்திருந்தால் சரியாக 30. ஜூன் 2 மழையிலிருந்து ஜூலை 9 வரைக்கும் போட்டேன், அதுவும் பொருந்தியது. பொருந்துவதாலேயே உண்மை என்று ஆகிவிடாது, அவனை டியூஷன் சென்டரில் கடித்திருக்கலாம், மகளைக் காலேஜில் கடித்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கொசு நூறு இருநூறு மீட்டருக்கு மேல் அதிகம் போகாது என்பது எனக்கும் தெரியும், அந்த அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

பையன் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே தேறிவிட்டான். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாவு மட்டும் வேறு கடையில் வாங்கினார்.

செப்டம்பர் 3-ம் தேதி கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. அதற்குள் மாநிலத்தில் 25,000 பேருக்கு மேல் பாதிப்பு. நகரத்தில் வீட்டில் கொசு வளர விட்டால் 400 ரூபாய் அபராதம் என்று அப்போது அறிவித்தார்கள். இவர் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, "நம்ம மேல எவ்வளவு போட்டிருப்பான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நோட்டில் நாலாவது கட்டம் ஒன்று இருக்கிறது: டிரம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேய்த்து டிக் போடுகிறேன். ஏழு நாளுக்கு ஒரு தடவை என்றால் வெக்கைக் காலத்திலும் புழு கொசுவாவதற்குள் பிடித்துவிடலாம். மாவு எட்டு மணி நேரத்துக்குள் பொங்குகிற வாரங்களில் நடுவில் புதன்கிழமையும் ஒரு தடவை. மகளுக்கு முழுக்கைச் சட்டை, காலையில் கிளம்பும் முன் கைகால்களில் கொசு விரட்டிக் களிம்பு. டெங்குக் கிருமி நாலு வகை, ஒன்று வந்தவருக்கு வேறு வகை வந்தால் மோசமாகிற வாய்ப்பு அதிகம் என்பதால் அவள் விஷயத்தில் எனக்குப் பயம் விடவில்லை.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் கீழ் வீட்டு அக்கா தூக்குவாளியோடு கடைக்கு வந்தார். "ரெண்டு கிலோ குடும்மா" என்றார். நான் மாவை அள்ளப் போனேன். அவர் அதற்குள் படிக்கட்டடிக்குப் போய், வேட்டித் துணியை ஒரு பக்கம் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கெட்டியா இருக்கா?" என்று கேட்டார். மாவைத்தான்.